ஆப் ஸ்டோர், கையில் இருக்கும் போன், டெக் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்துப் பன்னிரண்டு வருடமாக ஆப் எழுதிப் பிழைக்கிறேன். முதலில் ஒரு பெரிய நிறுவனத்தில், இப்போது இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து சொந்தமாக. யாரைப் பார்த்தாலும் சுற்றிச் சுற்றி அதே கேள்விகள்தான் வருகின்றன. தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். எல்லாம் என் சொந்தக் கருத்து. கூட வேலை பார்க்கும் இரண்டு பேருமே இதில் பாதியை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஆப் ஸ்டோர் எடுத்துக்கொள்ளும் 30 சதவீதம் பகல் கொள்ளைதானே?

2008 ஜூலையில் ஆப்பிள் சுமார் 500 ஆப்களோடு கடையைத் திறந்தபோது அதைக் கொள்ளை என்று யாரும் பெரிதாகச் சொல்லவில்லை. அதற்கு முன்னால் போனுக்கு மென்பொருள் விற்க வேண்டுமென்றால் தொலைபேசி நிறுவனங்களின் வாசலில் காத்துக் கிடக்க வேண்டும். அவர்கள் கேட்ட பங்கு பல நேரம் இதைவிட அதிகம். வீட்டில் உட்கார்ந்து தனியாக எழுதும் ஒருவர் பல நாடுகளில் விற்கலாம், 70 சதவீதம் கைக்கு வரும் என்பது அன்றைக்குப் பெரிய விஷயம்.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. 2021 ஜனவரியிலிருந்து, வருடத்துக்குப் பத்து லட்சம் டாலருக்குக் கீழே சம்பாதிக்கிறவர்களிடம் ஆப்பிள் வாங்குவது 15 சதவீதம்தான், அதற்கு விண்ணப்பித்தால். கூகுளும் அதே வருடம் ஜூலையிலிருந்து முதல் பத்து லட்சம் டாலருக்கு 15 என்று மாற்றியது. எங்களைப் போன்ற சின்ன ஆட்களுக்கு 99 சென்ட் ஆப் விற்றால் 84 சென்ட் வருகிறது. கார்டு மோசடி, பல நாடுகளின் விற்பனை வரி, டவுன்லோடு செய்ய சர்வர், இதையெல்லாம் நானே பார்த்தால் அந்த 15 சென்ட் பத்தாது. மனசாட்சிப்படி சொன்னால், அந்தக் காசைக் கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை.

அப்புறம் எதற்காக எப்போது பார்த்தாலும் ஸ்டோரைத் திட்டிக்கொண்டே இருக்கிறீர்கள்?

வாயைக் கட்டுவதால். இதே சந்தா எங்கள் இணையதளத்தில் விலை குறைவு என்று ஆப்புக்குள் ஒரு வரி எழுத முடியாமல் இருந்தது. பல வருடமாக அதுதான் விதி. கடைக்காரர் பங்கு எடுத்துக்கொள்ளட்டும், சரி. என்னுடைய வாடிக்கையாளரிடம் நான் என்ன பேசலாம் என்பதையும் அவரே முடிவு செய்தால் எப்படி?

ஒரு சம்பவம் சொல்கிறேன், கடையின் பெயர் வேண்டாம். சில வருடங்களுக்கு முன், சேமித்துவைத்த குறிப்புகளைச் சில போன்களில் அழித்துவிடும் மோசமான பக் (நிரல் கோளாறு) ஒன்று எங்கள் ஆப்பில் இருந்தது. ராத்திரி பகலாக உட்கார்ந்து அதைச் சரிசெய்து, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்டேட்டை அனுப்பினோம். கடையின் சோதனையில் ரிஜெக்ட் ஆகி வந்தது. காரணம் பக் இல்லை. ஆப்பில் 'உதவி' என்று ஒரு பக்கம். அதைத் தொட்டால் எங்கள் தளத்தின் உதவிப் பக்கம் திறக்கும். அதன் அடிப்பாகத்தில், பொடி எழுத்தில், 'திட்டங்களும் விலையும்' என்று ஒரு லிங்க். ரிவ்யூ செய்தவர் அதுவரை தேடிப் போய், ஸ்கிரீன்ஷாட் எடுத்து, சிவப்பு வட்டம் போட்டு அனுப்பியிருந்தார். வெளியில் பணம் கட்டும் வழியைக் காட்டுகிறோமாம். லிங்கை எடுத்துவிட்டுத் திரும்ப அனுப்பினால் இடையில் சனி ஞாயிறு. நான்கு நாள் கழித்துத்தான் அப்டேட் வெளியே போனது. அந்த நான்கு நாளும் 'என் குறிப்பெல்லாம் போச்சு' என்று ஒற்றை நட்சத்திரங்களாக வந்து விழுந்தன.

இந்த வாய்க்கட்டுதான் பெரிய வழக்காகவும் ஆனது. 2020 ஆகஸ்ட் 13 அன்று எபிக் நிறுவனம் தன் ஃபோர்ட்நைட் விளையாட்டுக்குள் சொந்தமாகப் பணம் கட்டும் வழியை வைத்தது. அன்றைக்கே ஆப்பிள், கூகுள் இரண்டும் அதைக் கடையிலிருந்து தூக்கின. எபிக் இரண்டு பேர் மீதும் வழக்குப் போட்டது. 2021 செப்டம்பரில் வந்த ஆப்பிள் தீர்ப்பில் பெரும்பாலான விஷயங்களில் ஜெயித்தது ஆப்பிள்தான். ஆனால் வெளியே வாங்கலாம் என்று சொல்வதைத் தடுக்கக் கூடாது என்ற ஒரு உத்தரவு மட்டும் அதற்கு எதிராக வந்தது.

அதற்கு ஆப்பிள் செய்ததுதான் வேடிக்கை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்த பிறகு, 2024 ஜனவரியில் லிங்க் வைக்க அனுமதித்தது. அந்த லிங்க் வழியாகப் போய் வாங்கினாலும் 27 சதவீதம் கட்ட வேண்டும் என்றது. கார்டு நிறுவனத்துக்கு ஒரு மூன்று சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள், கணக்கு எங்கே வந்து நிற்கிறது என்று தெரியும். லிங்கைத் தொட்டால் திரை முழுக்க ஒரு எச்சரிக்கை வேறு. 2025 ஏப்ரலில் நீதிபதி இவான் கன்சாலஸ் ராஜர்ஸ் இது நீதிமன்ற அவமதிப்பு என்று தீர்ப்பளித்து, அந்த வசூலுக்குத் தடை போட்டார். ஆப்பிள் அதன் மீதும் அப்பீலுக்குப் போனது. ஒரு வரி எழுத அனுமதி வாங்க இத்தனை வருடம்.

வேறு ஆப் கடைகள் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமே?

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அமேசான் 2011-ல் ஆண்ட்ராய்டுக்குத் தனிக் கடை திறந்தது. பணம், ஆள், சொந்த டேப்லெட் என்று எதற்கும் குறைவில்லை. ஆனாலும் பொதுவான ஆண்ட்ராய்டு போன்களுக்கான அந்தக் கடையை 2025 ஆகஸ்டில் மூடிவிட்டது. போனோடு வருகிற கடையை விட்டு இன்னொன்றைத் தேடிப் போக யாருக்கும் பொழுதில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டு, 2024 மார்ச்சிலிருந்து ஐபோனிலும் வேறு கடைகளை அனுமதிக்கவைத்தது. உடனே ஆப்பிள் புது விதியோடு வந்தது: அந்த வழியில் வருகிறவர்கள், வருடத்தில் பத்து லட்சம் இன்ஸ்டாலைத் தாண்டினால் அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் அரை யூரோ. இலவச ஆப் எழுதி அது இருபது லட்சம் பேருக்குப் பிடித்துப்போனால் ஐந்து லட்சம் யூரோ கடன். பிற்பாடு சின்ன ஆட்களுக்குச் சலுகைகள் கொடுத்தார்கள்தான். முதலில் அவர்களுக்கு இப்படி ஒரு விதி தோன்றியதே, அதைச் சொல்கிறேன்.

புதுக் கடையைவிட, இருக்கிற கடையில் வாய்திறந்து பேச விடும் விதிதான் எனக்கு உபயோகம்.

கடைக்கு வெளியிலிருந்து ஆப் போடலாமா?

எங்கிருந்து என்பதைப் பொறுத்தது. எஃப்-டிராய்டு என்ற ஆண்ட்ராய்டு ஆப் கடை 2010-லிருந்து இருக்கிறது. மூலநிரல் திறந்திருக்கும் ஆப்களை மட்டும் வைத்திருக்கிறார்கள், நான் தயங்காமல் போடுவேன். மெசேஜில் வந்த ஏபிகே ஃபைலை (ஆண்ட்ராய்டு ஆப்பை நேரடியாகப் போடும் ஃபைல்), அனுப்பியவர் பெற்ற தாயாக இருந்தாலும் போட மாட்டேன். அவருடைய போனே யாரிடம் மாட்டியிருக்கிறதோ. போட்ட பிறகு எஸ்எம்எஸ் படிக்க அனுமதியோ, 'அணுகல்தன்மை' அனுமதியோ கேட்டால் அந்த நிமிடமே அழித்துவிடுங்கள். பார்வை குறைந்தவர்களுக்காக வந்த அனுமதி அது. அதைக் கொடுத்தால் திரையில் இருப்பதை எல்லாம் படிக்கவும், உங்கள் சார்பில் பட்டனை அழுத்தவும் முடியும்.

2025 ஆகஸ்டில் கூகுள் இன்னொரு குண்டைப் போட்டது. கடைக்கு வெளியே ஆப் கொடுப்பவர்களும் தங்கள் அடையாளத்தைக் கூகுளிடம் பதிய வேண்டும், 2026 செப்டம்பரில் நான்கு நாடுகளில் தொடங்கும் என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும், விவரம் தெரிந்தவர்களுக்குத் தனி வழி வைப்போம் என்றார்கள். மோசடியைக் குறைக்கும் என்பது உண்மையாக இருக்கலாம். கதவில்லாத இடத்திலும் ஒரு வாசல்காரர் வந்து உட்கார்வது எனக்குப் பிடிக்கவில்லை.

அவ்வளவு சோதித்துத்தானே உள்ளே விடுகிறார்கள், பிறகு போலி ஆப் எப்படி வருகிறது?

சோதிப்பவர் பார்ப்பது சில நிமிடம். ஆப் தன் வேலையில் பாதியை சர்வரிலிருந்து கேட்டு வாங்கிச் செய்கிறது. சோதனை முடிகிற வரை சர்வர் ஒழுங்காகப் பதில் சொல்லும், முடிந்ததும் வேறு முகம் காட்டும்.

கடை திறந்த அடுத்த மாதமே, 2008 ஆகஸ்டில், 'ஐ ஆம் ரிச்' என்று ஒரு ஆப் உள்ளே வந்தது. விலை 999.99 டாலர். திறந்தால் ஒரு சிவப்புக் கல் ஒளிரும், வேறு ஒன்றும் செய்யாது. எட்டுப் பேர் வாங்கிய பிறகுதான் தூக்கினார்கள். அது மோசடிகூட இல்லை, வேலையே செய்யாது என்று விளக்கத்தில் சொல்லித்தான் விற்றார்கள். ஒன்றும் செய்யாத ஆப்பை உள்ளே விடும் கண்ணுக்குத்தான் எங்கள் பொடி எழுத்து லிங்க் தெரிகிறது!

நட்சத்திரங்களைப் பார்த்து ஆப் எடுக்கலாமா?

சராசரியைப் பார்க்காதீர்கள். ஒரு பழைய தந்திரம் உண்டு: 'ஆப் பிடித்திருக்கிறதா?' என்று முதலில் ஒரு கேள்வி வரும். 'ஆம்' என்றால் நட்சத்திரம் போடும் இடத்துக்கு அனுப்புவார்கள். 'இல்லை' என்றால் 'எங்களுக்கு எழுதுங்கள்' என்று ஒரு பெட்டி. பிடிக்காதவர் கடைப் பக்கமே போக மாட்டார். வேலை பார்த்த இடத்தில் நானே இதை எழுதியிருக்கிறேன், பெருமையாகச் சொல்லவில்லை.

நான் இரண்டு, மூன்று நட்சத்திர விமர்சனங்களில் புதியவற்றைப் படிப்பேன். ஐந்து போடுகிறவர் சும்மா போடுகிறார், ஒன்று போடுகிறவர் கோபத்தில் போடுகிறார். மூன்று போடுகிறவர்தான் ஆப்பை உண்மையாகப் பயன்படுத்தியவர்.

முன்பெல்லாம் ஒரு தடவை காசு கொடுத்தால் போதும். இப்போது ஏன் எல்லாவற்றுக்கும் சந்தா?

இது எங்கள் மேல் வரும் புகார் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

பெட்டியில் மென்பொருள் விற்ற காலத்தில் புதுப் பதிப்பு வந்தால் பழைய வாடிக்கையாளருக்குக் குறைந்த விலையில் கொடுப்பார்கள். ஆப் கடைகள் அப்படி ஒரு வசதியை வைக்கவே இல்லை. வாங்கியவருக்கு ஆயுசுக்கும் அப்டேட் இலவசம், அல்லது பழைய ஆப்பைக் கைவிட்டுப் புதிதாக இன்னொன்று விற்க வேண்டும். ஆனால் வருடா வருடம் போனின் இயங்குதளம் மாறுகிறது. நேற்று வரை ஓடிய ஆப் இன்றைக்குத் திறந்ததும் மூடிக்கொள்ளும். அதைச் சரிசெய்யும் வேலைக்கு யாரும் காசு கொடுப்பதில்லை, ஏனென்றால் புதிதாக ஒன்றும் வரவில்லை, பழையது ஓடுகிறது அவ்வளவுதான். 2016-ல் ஆப்பிள் எல்லா வகை ஆப்களுக்கும் சந்தாவைத் திறந்துவிட்டு, ஒரு வருடம் தொடர்ந்த சந்தாதாரரிடம் தன் பங்கைப் பாதியாகக் குறைத்தது. எல்லோரும் அந்தப் பக்கம் ஓடினோம்.

ஆகவே சந்தாவே அயோக்கியத்தனம் என்று சொல்ல மாட்டேன். வாரச் சந்தா அயோக்கியத்தனம். டார்ச் அடிக்க, பிடிஎஃப் ஸ்கேன் எடுக்க, 'மூன்று நாள் இலவசம்' என்று பெரிதாகவும் வார விலையை மங்கலாகவும் போட்டு, மூடும் குறியை ஐந்து நொடி கழித்துக் காட்டும் ஆப்கள் இருக்கின்றனவே, அவற்றைக் கண்டால் ஓடிவிடுங்கள்.

மறக்கக் கூடாத இரண்டு விஷயம். ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. கடைக் கணக்கின் சந்தாப் பகுதிக்குப் போய்த்தான் நிறுத்த வேண்டும். அடுத்தது, ஆப்பிளில் வாங்கியதற்குப் பணத்தைத் திருப்பித் தருவது ஆப் எழுதியவர் கையில் இல்லை, ஆப்பிளிடம்தான் கேட்க வேண்டும். கூகுள் பிளேயில் எழுதியவரே தரலாம். 'என் காசைக் கொடு' என்று எங்களுக்கு வரும் மெயில்களில் பாதிக்கு, எங்களால் முடியாது, அங்கே கேளுங்கள் என்றுதான் பதில் எழுதுகிறோம். படிக்கிறவர் எங்களைத் திருடன் என்றுதான் நினைப்பார்.

காசு கொடுத்து வாங்கிய ஆப், புத்தகம், விளையாட்டு எனக்குச் சொந்தம்தானே?

இல்லை, உரிமம்தான். 2009 ஜூலையில் அமேசான், விற்றவருக்கு உரிமை இல்லாத சில மின்நூல்களை வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்து தூரத்திலிருந்தபடியே அழித்தது. காசு திரும்ப வந்தது, நூல் போனது. நின்டெண்டோ 2023 மார்ச்சில் தன் இரண்டு பழைய வீடியோ கேம் கருவிகளுக்கான கடையை மூடியது. வெறும் உரிமம் என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்று பட்டன் வைக்கக் கூடாது என்று கலிபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து சட்டமே இருக்கிறது. பட்டனில் எழுத்து மாறினால் பழக்கம் மாறுமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

போனை எத்தனை வருடத்துக்கு ஒரு தடவை மாற்றலாம்?

பாதுகாப்பு அப்டேட் நின்றதும் மாற்றுங்கள். மெதுவாகிவிட்டது என்பதற்காக மாற்றாதீர்கள், முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். தேய்ந்த பேட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியாகக் குறைத்ததை ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. திடீரென்று அணைந்துபோகாமல் இருக்கவே அப்படிச் செய்தோம் என்றது. காரணம் நியாயமானதுதான், சொல்லாமல் செய்ததுதான் தப்பு. எத்தனை பேர் அதற்குள் புதுப் போன் வாங்கியிருப்பார்கள்!

2023-ல் கூகுள் தன் பிக்ஸல் 8-க்கு ஏழு வருடம் அப்டேட் தருவதாகச் சொன்னது. அடுத்து சாம்சங்கும் தன் உயர்ரகப் போன்களுக்கு அதையே சொன்னது. வாங்கும்போது கேமராவைவிட இந்த எண்ணைப் பாருங்கள்.

இத்தனை பேரை வேலையைவிட்டு அனுப்புகிறார்களே, இந்தத் துறைக்கு இப்போது வரலாமா?

2022 கடைசியில் மெட்டா 11,000 பேர், 2023 ஜனவரியில் கூகுள் 12,000, மைக்ரோசாஃப்ட் 10,000, அமேசான் 18,000. நஷ்டத்தில் மூழ்கிய கம்பெனிகள் இல்லை இவை. பெருந்தொற்றுக் காலத்தில் அளவில்லாமல் ஆள் எடுத்தார்கள், வட்டி ஏறியதும் முதலீட்டாளர்களுக்குக் கணக்குக் காட்டினார்கள். நன்றாக வேலை செய்தால் வேலை நிலைக்கும் என்ற நம்பிக்கையோடு வருவதாக இருந்தால் வேண்டாம்.

வேலையே பிடித்திருந்தால் வாருங்கள். அந்த வேலை என்ன என்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். புதிதாக எழுதுவது கொஞ்சம்தான். யாரோ எப்போதோ எழுதிவிட்டுப் போனதைப் படித்து, இது ஏன் இப்படி இருக்கிறது என்று மண்டையை உடைத்துக்கொள்வதுதான் அதிகம். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தன் கணினிக்குள் எஸ்எஸ்ஹெச் (தூரத்திலிருந்து கணினிக்குள் நுழையும் முறை) வழியாக நுழைய அரை நொடி அதிகமாகிறதே என்று நோண்ட ஆரம்பித்தார். லினக்ஸ் இயங்குதளக் கணினிகள் முழுக்கப் பரவ இருந்த ஒரு பின்வாசல் (வெளியாள் திருட்டுத்தனமாக நுழையும் வழி), எக்ஸ்இசட் என்ற சின்ன மென்பொருளுக்குள் ஒளிந்திருந்தது அப்படித்தான் வெளியே வந்தது. அரை நொடி உங்களை உறுத்துமா? அப்படியானால் இந்த வேலை உங்களுக்கு ஒத்துவரும்.

ஆன்கால், அதாவது சர்வரில் கோளாறு என்றால் எந்நேரமும் எழுந்து பார்க்கும் முறைவேலை பற்றியும் கேட்டுக்கொண்டு சேருங்கள். ராத்திரி மூன்று மணிக்கு போன் அலறும், எழுந்து பார்த்தால் ஒரு டிஸ்க் நிரம்பியிருக்கும். மூன்று மாதத்துக்கு முன்னாலேயே இது நிரம்பும் என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள்.

ஏஐ எழுதிவிடுகிறதே, நீங்கள் எதற்கு?

நானும் தினமும் பயன்படுத்துகிறேன். போன மாதம் நினைவூட்டல் போடும் ஒரு பகுதியை எழுதச் சொன்னேன், ஒரு நிமிடத்தில் அழகாக எழுதித் தந்தது, டெஸ்ட் எல்லாம் பாஸ். கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளும் நாடுகளில், அந்த ஒரு நாள் மட்டும் நினைவூட்டல் வரவே வராது. அன்றைக்குக் கடிகாரம் இரண்டிலிருந்து நேராக மூன்றுக்குத் தாவிவிட, இல்லாத இரண்டரை மணிக்கு அது காத்துக்கொண்டிருந்தது. நான் இதே தப்பைப் பல வருடத்துக்கு முன் செய்து திட்டு வாங்கியிருந்ததால் கண்ணில் பட்டது. இனிமேல் வருகிறவர்களுக்கு அந்தத் திட்டு எங்கே கிடைக்கும் என்பதுதான் என் கவலை.

சொந்தமாக ஆப் எழுதிப் பிழைக்க முடியுமா?

முடியும், வேலையை விட்டுவிட்டுத் தொடங்காதீர்கள். கடை வாடகை பெரிதில்லை: ஆப்பிளுக்கு வருடம் 99 டாலர், கூகுளுக்கு ஒரே தடவை 25 டாலர். கூகுளில் புதிதாகத் தனிநபர் கணக்குத் தொடங்குகிறவர்கள், பன்னிரண்டு பேரைப் பிடித்துத் தொடர்ந்து 14 நாள் சோதிக்கவைத்த பிறகுதான் வெளியிட முடியும். பன்னிரண்டு பேர் கிடைப்பதே உங்கள் முதல் மார்க்கெட்டிங் பாடம்.

பெரும்பாலான ஆப்கள் சம்பாதிப்பதில்லை. எங்களுடைய முதல் இரண்டும் மாதக் கடைசியில் ஒரு தடவை வெளியே சாப்பிடும் அளவுக்குக்கூட வரவில்லை. மூன்றாவதுதான் எங்களைக் காப்பாற்றுகிறது. அதில் நாங்கள் செய்த ஒரே வித்தியாசம், செட்டிங்ஸில் முதல் வரியாக எங்கள் மெயில் முகவரியை வைத்ததுதான். அந்த அளவுக்காவது கடை பேச விட்டது.

அதில் வந்த ஒரு மெயிலைச் சொல்லி முடிக்கிறேன். பார்வையற்ற ஒருவர் எழுதியிருந்தார்: 'உங்கள் ஆப்பைத் திறந்தால் என் போன் பட்டன், பட்டன், பட்டன், பட்டன் என்று படிக்கிறது. எது எந்தப் பட்டன்?' குறிகளுக்குப் பின்னால் பெயர் எழுத மறந்திருந்தோம். திரையைப் படித்துச் சொல்லும் வசதியைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு நாங்களே ஒரு தடவை ஓட்டிப் பார்த்தோம். ஒரு குறிப்பைச் சேமிக்க எனக்குப் பதினோரு நிமிடம் ஆனது. பதினாறு பட்டன்களுக்குப் பெயர் வைக்க ஒரு மத்தியானம் போதுமானதாக இருந்தது. அவர் இப்போதும் ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் எழுதுகிறார், பெரும்பாலும் திட்டித்தான்.